வியட்நாம் பயணமும் முஸாஃபிரின் ஒழுக்கமும்



சென்ற மாதம் ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, சிறு வயதில் என்னிடம் குர்ஆன் ஓதிய மாணவர் ஒருவர் பள்ளிவாசல் முற்றத்தில் காத்திருந்தார். இப்போது அவருக்கு 33 வயது. கணினித் துறையில் நல்ல ஊதியத்தில் பணிபுரிகிறார். கையில் நான்கு பக்கத் தாள் ஒன்று இருந்தது.

"ஹஜ்ரத், வியட்நாமுக்குப் போய் வரலாம் என்றிருக்கிறேன். தனியாகத்தான், 12 நாள். அந்த நாட்டுப் பண்பாட்டை நன்றாகப் பார்த்துவர ஆசை. இதில் மார்க்கத்துக்கு மாறானது ஏதும் உண்டா?" என்று கேட்டார்.

தாளை வாங்கிப் பார்த்தேன். எல்லா ஊர்களிலும் ஐந்து நட்சத்திர ஹோட்டல். ஹா லாங் விரிகுடாவில் தனிப் படகில் இரண்டு இரவுகள். நகர்தோறும் ஓட்டுநருடன் கார். அவர் ஒருவருக்கு மட்டும் சமையல் வகுப்பு. கடைசிப் பக்கத்தில் மொத்தத் தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. தொகையைக் கண்டதும் என் வாயில் வந்த முதல் சொல், "இது இஸ்ராஃப் அல்லவா தம்பி?" என்பதுதான். அவர் மறுத்துப் பேசவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சரிங்க ஹஜ்ரத்" என்று சொல்லிப் போய்விட்டார்.

வீட்டில் இதைச் சொன்னேன். என் மனைவி உடனே, "நாலு வருஷமா வாப்பாவைக் கையில தூக்கிக் குளிப்பாட்டுன பிள்ளைங்க அது. ஒரு நாளாவது அதுகிட்ட 'நீ தூங்கினியா'ன்னு கேட்டிருக்கீங்களா?" என்றார். எனக்குத் தலை குனிந்தது. பக்கவாதத்தில் விழுந்த தந்தைக்காக வெளிநாட்டு வேலையை வேண்டாமென்று சொல்லி, வீட்டிலிருந்தே பணி செய்து, இரவும் பகலும் அருகிலிருந்து பார்த்தவர் அவர். ஜனாஸா முடிந்து ஓராண்டு ஆகிறது. அவர் கேட்டது என்ன, நான் சொன்ன விடை என்ன! மறுநாளே அவர் வீட்டுக்குச் சென்று, அவசரப்பட்டுச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தாளைத் திரும்ப வாங்கி ஒரு வாரம் வைத்திருந்து படித்தேன். அப்போது தோன்றியவற்றை உங்களுடனும் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் இஸ்ராஃப் பற்றி. வீண் விரயம் என்பது ஒரு குறிப்பிட்ட தொகையின் பெயரன்று. ஒருவர் தம் கடன்களை அடைத்திருக்கிறாரா, ஜகாத்தை முறையாகக் கணக்கிட்டுக் கொடுத்திருக்கிறாரா, தம் பொறுப்பில் உள்ளோருக்குக் குறை வைக்காதிருக்கிறாரா என்பவற்றையே முதலில் பார்க்க வேண்டும். இம்மூன்றும் நிறைவேறியபின், ஹலாலாக ஈட்டிய பொருளில் நல்ல அறையில் தங்குவதையும் நல்ல உணவு உண்பதையும் பாவம் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. அல்லாஹ் தன் அடியானுக்கு அளித்த அருளின் அடையாளம் அவனிடம் தெரிவதை விரும்புகிறான் என்ற கருத்தில் நபிமொழியும் உண்டு. பெருமைக்காகச் செலவிடுவதும் பயனின்றிச் செலவிடுவதும்தான் எச்சரிக்கப்பட்டவை.

அடுத்தது தனிப் பயணம். தனியே பயணம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பதற்கு ஹதீஸ்கள் உள்ளன. வழியில் ஆபத்து நேர்ந்தால் துணை இருக்காது. நோயுற்றால் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது என்று அறிஞர்கள் காரணம் கூறுவர். நூறு பேருடன் விமானத்தில் சென்று, கையில் தொலைபேசியுடன் நகரங்களில் தங்குபவரின் நிலை பாலைவனத்தில் தனியே செல்பவரின் நிலை ஆகாது என்று இக்கால அறிஞர் பலர் விளக்குகின்றனர். ஆயினும் நோய் இன்றும் வருவதே. ஆகவே பயணத் திட்டத்தின் ஒரு படியை வீட்டில் கொடுத்துவிட்டு, நாள்தோறும் உம்மாவிடம் பேச வேண்டும் என்று அவரிடம் சொன்னேன்.

ஆக, என் முதல் தீர்ப்புத் தவறு. ஆனால் அந்தத் தாளை மீண்டும் மீண்டும் படித்தபோது வேறொரு குறை கண்ணில் பட்டது. பண்பாட்டைக் காணப் போகிறேன் என்கிறார். ஆனால் அவருடன் ஒரு வேளையேனும் ஒன்றாக அமரப்போகும் வியட்நாமியர் ஒருவரும் அந்த 12 நாள்களில் இல்லை. கதவைத் திறப்பவர், காரை ஓட்டுபவர், தட்டை எடுப்பவர் என்று எல்லாரும் கூலிக்குப் பணி செய்பவர்கள். பணம் அவருக்குச் சுகத்தைத் தருகிறது. அதே பணம் அந்நாட்டு மக்கள் அவரை நெருங்காதபடி ஒரு வேலியையும் கட்டிவிடுகிறது.

வியட்நாமிய மொழியையே சான்றாகக் கொள்ளலாம். அம்மொழியில் அன்றாடப் பேச்சில் எல்லாரையும் ஒன்றுபோல் சுட்டும் 'நீங்கள்' என்ற சொல் இல்லை. உறவுமுறைச் சொற்களே 'நான்', 'நீ' என்பவற்றின் இடத்தில் நிற்கின்றன. சற்று மூத்த ஆண் 'அன்', அதாவது அண்ணன். மூத்த பெண் 'சி'. இளையவர் 'எம்'. தந்தையின் தம்பி வயதினர் 'சூ'. நம் வழக்கில் சாச்சா. தாத்தா வயதினர் 'ஓங்', பாட்டி வயதினர் 'பா'. எப்படி அழைப்பது என்று தெரிந்தாக வேண்டுமென்பதால், அறிமுகமான சிறிது நேரத்திலேயே வயதைக் கேட்டுவிடுவார்கள். முன்பின் தெரியாதவரையும் நானா என்றும் லாத்தா என்றும் அழைத்துப் பழகிய நமக்கு இதைவிட எளிதில் புரியும் பண்பாடு எது? ஆனால் ஐந்து நட்சத்திர ஹோட்டலில் அவரை 'சார்' என்றுதான் அழைப்பார்கள். வயதை எவரும் கேட்கமாட்டார்கள். நடைபாதையில் தாழ்ந்த முக்காலியில் அமர்ந்து, சிறு வடிகட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் காப்பிக்குக் காத்திருப்பவரைத்தான் கடைக்கார அம்மையார் வயது கேட்டு உறவுக்குள் சேர்த்துக்கொள்வார்.

அதனால் ஹோட்டலை மாற்றச் சொல்லவில்லை. இரவில் நன்றாகத் தூங்கட்டும். நான்கு ஆண்டுத் தூக்கம் அவருக்குக் கடன் இருக்கிறது. பகலை மாற்றுங்கள் என்றேன்.

ஹனோயில் 'இலக்கியக் கோயில்' என்று அழைக்கப்படும் வான் மியு இருக்கிறது. 1070இல் கன்பூசியஸின் நினைவாக நிறுவப்பட்டது. 1076இல் அங்கே அரச கல்விச்சாலை தொடங்கப்பட்டது. அரசுத் தேர்வில் உயர்நிலையில் தேறியவர்களின் பெயர்கள் பொறித்த 82 கற்பலகைகள், கல் ஆமைகளின் முதுகில் இன்றும் நிற்கின்றன. வழிபாட்டில் நமக்குப் பங்கில்லை. ஆனால் கற்றவரின் பெயரைக் கல்லில் செதுக்கிவைத்த சமூகத்தைப் பார்த்துவருவதில் நமக்குப் பாடம் உண்டு. அதே நகரின் பழைய வணிகத் தெருக்களில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய அந்நூர் பள்ளிவாசலும் உள்ளது. அவருடைய திட்டத்தில் ஹனோய்க்கு மூன்று நாள் இருந்தும் இவ்விரண்டும் இல்லை.

நாட்டின் நடுப்பகுதியில் ஹோய் ஆன் துறைமுக நகரமும், 1802 முதல் 1945 வரை நுயென் அரசர்களின் தலைநகராக இருந்த ஹுவேயும் உள்ளன. அவை திட்டத்தில் இருந்தன. அருகிலுள்ள மீ சன் இல்லை. சம்பா அரசர்கள் பல நூற்றாண்டுகளாகக் கட்டிய செங்கற் கோயில்களின் தொகுதி அது. 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் அதன் பெரும்பகுதி சிதைந்தது. 1471இல் தலைநகரை இழந்து, 1832இல் எஞ்சிய நிலமும் போன சாம் மக்களின் கதை அங்கிருந்து தொடங்குகிறது. அழிந்த சமூகங்களின் இடங்களைக் கண்டு சிந்திக்கும்படி குர்ஆன் பலமுறை அழைப்பதை நாம் வகுப்பில் ஓதுகிறோம். காலால் நடந்து பார்க்கும் வாய்ப்பு எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

அந்தச் சாம் மக்களில் ஒரு பகுதியினர் நம் சகோதரர்கள் என்பதே அவர் அறியாததாக இருந்தது. கம்போடிய எல்லையை ஒட்டிய ஆன் ஜியாங் மாகாணத்தில், சாவ் டோக் நகருக்கு எதிரே ஹவ் ஆற்றின் மறுகரையில் சாம் முஸ்லிம் கிராமங்கள் உள்ளன. தூண்கள்மீது உயர்த்திக் கட்டிய மர வீடுகள், பள்ளிவாசல்கள், குர்ஆன் ஓதும் பிள்ளைகள், தறியில் நெய்யும் பெண்கள். அவர்களும் காரைக்கால், காயல்பட்டினக் கரைகளில் உள்ள நம்மவரைப் போல ஷாஃபிஈ மத்ஹபினரே. வியட்நாமில் முஸ்லிம்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அந்நிலையில் தலைமுறை தலைமுறையாக மார்க்கத்தைக் காத்துவருபவர்கள் அவர்கள்.

தென்-நடுக் கடற்கரைப் பகுதியில் பானி எனப்படும் சாம் மக்களும் இருக்கிறார்கள். அவர்களின் வழக்கங்கள் நம்முடையவற்றிலிருந்து பெரிதும் வேறுபட்டவை. அவற்றில் பலவற்றை அவர்களின் மதகுருமாரே சமூகத்தின் சார்பில் நிறைவேற்றுகின்றனர். அங்கே போக நேர்ந்தால், ஃபத்வா கொடுக்கும் எண்ணத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள் என்றேன். ஒரு நாள் தங்கிப் பார்ப்பவர், பல நூற்றாண்டு இழப்புகளைக் கடந்துவந்த மக்களின் ஈமானை எடை போடுவது விருந்தாளிக்குரிய ஒழுக்கம் ஆகாது.

பிறகு சைகோன். 1976 முதல் அதன் பெயர் ஹோ சி மின் நகரம். ஆனால் எங்கள் பகுதியில் இன்றும் சைகோன்தான். காரைக்காலும் புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால், அதே ஆட்சிக்குட்பட்ட சைகோனுக்கு இங்கிருந்து ஏராளமானோர் வணிகத்துக்கும் அலுவலக வேலைக்கும் கப்பலேறினர். அந்நகரின் நடுவே டோங் டூ தெருவில், 1935இல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசல் நிற்கிறது. இன்று அதைச் சுற்றி உயர்தர ஹோட்டல்கள் எழுந்துள்ளன. அவர் பதிவு செய்ய நினைத்திருந்த ஹோட்டலிலிருந்து அது நடந்து செல்லும் தொலைவுதான். இதைச் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், தம் வாப்பாவின் பாட்டனார் சைகோனில் துணிக்கடை வைத்திருந்ததாகச் சிறுவயதில் கேட்டதுண்டு என்றார். வாப்பா நோயில் கிடந்த நாள்களில் அதைப் பற்றிக் கேட்டிருக்கலாமே என்று வருந்தினார். கேட்க முடியாமற் போனதை இனி யாராலும் மீட்க இயலாது. ஆனால் பாட்டனார் ஸுஜூது செய்திருக்கக்கூடிய பள்ளியில் பேரப்பிள்ளை ஒரு ஜும்ஆ தொழுது, வாப்பாவுக்கு துஆ செய்யலாம். முஸாஃபிருக்கு ஜும்ஆ கட்டாயமில்லை. எனினும் வெள்ளிக்கிழமை சைகோனில் இருக்கும்படி நாள்களை மாற்றியமைத்தோம்.

நடைமுறை பற்றியும் சில சொல்ல வேண்டும். இந்தியருக்கு மின்னணு விசா கிடைக்கிறது. மூன்று பகுதிகளையும் ஒரே பயணத்தில் காணப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான காலம் ஏற்றது. அக்டோபர், நவம்பரில் நடுப்பகுதியில் பெருமழையும் வெள்ளமும் வரும். அவர்களின் புத்தாண்டான டெட் நாள்களில் கடைகள் பல மூடியிருக்கும்.

உணவில் கவனம் தேவை. பன்றி இறைச்சி அங்கே பரவலான உணவு. மாட்டிறைச்சி என்று சொல்லப்படுவதும் முறையாக அறுக்கப்பட்டதென்று கொள்ள முடியாது. 'சாய்' என்று எழுதிய கடைகள் பௌத்தரின் சைவ உணவகங்கள். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் அங்கே கூட்டம் மிகும். மீனும் உப்பும் சேர்த்து ஊறவைக்கும் மீன் சாறு அந்நாட்டுச் சமையலின் உயிர். அதன் மூலப்பொருளில் தடை ஏதுமில்லை. எனினும் கூடவே சேர்ப்பவற்றைக் கேட்டுக்கொள்வது நல்லது. சைகோன் பள்ளிவாசலைச் சுற்றி ஹலால் உணவகங்கள் உள்ளன. ஊருக்கு இரண்டு மூன்று நாள் மட்டுமே தங்குவதால் ஷாஃபிஈ மத்ஹபின்படி பயணம் முழுவதும் அவர் முஸாஃபிர். லுஹர், அஸர், இஷாவை இரண்டிரண்டு ரக்அத்தாகச் சுருக்கியும், சேர்த்தும் தொழலாம்.

இறுதியில் திட்டம் இப்படி மாறியது. தனிப் படகில் இரண்டு இரவு ஒன்றாகக் குறைந்தது. ஒருவருக்கான சமையல் வகுப்பு நீங்கியது. அந்தப் பணமும் நாளும் சாவ் டோக் பக்கம் போயின. அங்கே நெய்பவர்களிடமே துணி வாங்கி உம்மாவுக்குக் கொண்டுவருவதாகச் சொல்கிறார். மொத்தத் தொகை சிறிதுதான் குறைந்தது. அதைப் பற்றி இப்போது எனக்குக் கவலை இல்லை. என்னிடம் இனி எவரேனும் இத்தகைய தாளுடன் வந்தால், கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கமாட்டேன். "யாரைச் சந்திக்கப் போகிறீர்கள்?" என்று கேட்பேன். அதற்கும் முன்னால், "நலமாக இருக்கிறீர்களா?" என்று கேட்பேன்.

வல்ல ரஹ்மான் அவருடைய பயணத்தை எளிதாக்கி, பாதுகாப்புடன் ஊர் திரும்பச் செய்வானாக. அவருடைய வாப்பாவின் மண்ணறையை விசாலமாக்குவானாக. அவசரத்தில் தீர்ப்புச் சொல்லும் நாவிலிருந்து என்னையும் உங்களையும் காப்பானாக. ஆமீன்.