முட்டை ஓட்டின் நிறம்

நோயால் மெலிந்த பிள்ளைக்கென்று கூடுதல் காசு கொடுத்துச் சிவப்பு முட்டை வாங்கும் சகோதரிகள் பலர். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தால் வருவது. சத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்தக் காசுக்கு இன்னொரு வெள்ளை முட்டை வாங்கிக் கொடுக்கலாம்.

லெக்ஹோர்ன் வெள்ளை முட்டையிடும். றோட் ஐலன்ட் றெட் இடுவது சிவப்பு. பிரான்சின் மரான் கோழியினது கடும் சொக்லேட் நிறம். சிலி நாட்டு அரோகானாவோ நீல முட்டையிடுகிறது! உடைத்தால் அதன் ஓடு உட்புறமும் நீலமே. சிவப்பு அப்படியல்ல, முட்டை வெளிவருமுன் கடைசியாக மேலே பூசப்படும் சாயம் அது. உட்புறம் வெளிறியிருக்கும்.

கோழி வாங்கும்போது காது மடலைப் பாருங்கள். வெள்ளை மடலென்றால் பெரும்பாலும் வெள்ளை முட்டை, சிவப்பென்றால் சிவப்பு. அரோகானாவுக்கு இந்தக் கணக்குச் சரிவராது.

ஊர்க்கோழி முட்டையின் மஞ்சட்கரு கடும் நிறமாயிருப்பது வளவில் புல் பூண்டு கொத்தித் திரிவதால்தான். கூட்டில் அடைத்த கோழிக்கும் கீரையும் மஞ்சள் சோளமும் போட்டால் அந்த நிறம் வரும்.

சிறிய வளவுக்கு என் தெரிவு றோட் ஐலன்ட் றெட். லெக்ஹோர்ன் கூடுதலாக இடும்தான். ஆனால் வேலி பாய்ந்து பக்கத்து வீட்டுக் கீரைப் பாத்தியில் நிற்கும்.