மறுக்கத் தெரிந்த குதிரைப் பள்ளியைத் தேடுங்கள்

கால்நடைப் பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீடு செம்பரம்பாக்கத்தில். மாடு சினை பிடிக்கவில்லை, ஆட்டுக்குக் கழிச்சல் என்று என்னைத் தேடி வந்தவர்கள் ஒரு காலத்தில் நிறையப் பேர். இப்போது பெங்களூர் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் எழுந்து நிற்கும் அடுக்குமாடிகளிலிருந்து இளம் பெற்றோர் வருகிறார்கள். “ஐயா, பாப்பாவுக்கு ஹார்ஸ் ரைடிங் சொல்லிக் கொடுக்க நல்ல இடம் எது?” என்கிறார்கள். என் மகளும் அதையே கேட்டாள். பேத்திக்கு ஏழு வயது.

இதைப் பணக்கார வீட்டு ஆசை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் சேடா, அனுஷ் அகர்வாலா ஆகிய நால்வரும் டிரஸ்ஸாஜ் அணிப் பிரிவில் தங்கம் வென்றார்கள். 1982 டெல்லிக்குப் பிறகு, 41 ஆண்டுகள் கழித்துக் குதிரையேற்றத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த தங்கம் அது. “தாத்தா, குதிரை டான்ஸ் ஆடுது” என்று பேத்தி கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டியது ஒரு டிரஸ்ஸாஜ் வீடியோவைத்தான். ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் ஒரே களத்தில் நேருக்கு நேர் மோதும் விளையாட்டு இது. ஒரு பெண் குழந்தை இதை விரும்பினால் தாராளமாகக் கற்கட்டும்.

எங்கே கற்பது என்பதுதான் கேள்வி. எங்கள் பக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றியும், நசரத்பேட்டை தாண்டியும், சென்னையின் மறுபக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் லாயங்கள் இருக்கின்றன. கட்டணம் எவ்வளவு, வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர், எத்தனை வகுப்பில் ஓட்டலாம் என்றுதான் எல்லோரும் விசாரிக்கிறார்கள். நான் விசாரிக்கச் சொல்வது வேறு. அந்த இடம் எதையெல்லாம் மறுக்கிறது என்று கேளுங்கள். என்ன வயதுக்குக் கீழே சேர்க்காது? எப்போது வகுப்பை ரத்து செய்யும்? எந்தக் குதிரையைக் குழந்தைகளுக்குத் தராது? ‘முடியாது’ என்று சொல்லத் தெரிந்த இடமே குழந்தைக்கு ஏற்ற இடம் என்பது என் முடிவு.

மகளோடும் பேத்தியோடும் சில இடங்களைப் போய்ப் பார்த்தேன். ஓர் இடத்தில் நாங்கள் காரை விட்டு இறங்கியதுமே ஒரு பையன் உயரமான குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். “ஏத்துங்க சார், ஒரு ரவுண்டு போட்டோ எடுத்துக்கலாம்” என்றான். தலைக்கவசம் இல்லை. குதிரையின் காதுகள் பின்னால் மடிந்து கழுத்தோடு ஒட்டியிருந்தன. எரிச்சலில் இருக்கிறேன், கிட்டே வராதே என்று குதிரை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. நாங்கள் திரும்பிவிட்டோம். இன்னோர் இடத்தில் பயிற்சியாளர் ஒரு பெண். பேத்தியிடம் குனிந்து, “இன்னைக்கு மேல ஏற மாட்டோம், சரியா? முதல்ல அவனுக்கு உன்னைத் தெரியணும்” என்று சொல்லி, கையில் ஒரு பிரஷ்ஷைக் கொடுத்தார். பக்கவாட்டில் எப்படி வருவது, எந்தக் கையால் கழுத்தைத் தொடுவது, பின்னங்கால் பக்கம் ஏன் போகக் கூடாது என்பதிலேயே அன்றைய வகுப்பு முடிந்தது. மகளுக்கு ஏமாற்றம். எனக்கு நிம்மதி.

குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. அதனால் பார்வை விரிந்தது, ஆனால் நேர் பின்னால் இருப்பது தெரியாது. தெரியாமல் ஏதாவது அசைந்தால் உதைக்கும், அல்லது ஓடும். இரையாகப் பிறந்த விலங்கு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி அது. இதைக் குழந்தைக்குச் சொல்லித் தராமல் முதுகில் ஏற்றிவிடுவது, நீச்சல் தெரியாத பிள்ளையை எங்கள் ஏரியின் மதகுப் பக்கம் இறக்கிவிடுவது போல.

பெற்றோர் லாயத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும். வரவேற்பறையில் உட்கார்ந்து பேசிவிட்டு வரக் கூடாது. பணியில் இருந்தபோது கல்யாண ஊர்வலக் குதிரைகளின் புண்ணுக்கு மருந்து போடும் டாக்டருக்கு உதவியாக நின்றிருக்கிறேன். புண் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் இருக்கும்: சேணத்தின் பட்டை இறுக்கும் வயிற்றோரம், முதுகுத் தண்டின் மேடு, வாயின் ஓரம். அந்த மூன்று இடங்களையும் பாருங்கள். ரோமம் உதிர்ந்து தோல் தடித்திருந்தால் அந்தக் குதிரைக்கு ஓய்வு கிடைப்பதில்லை, அல்லது சேணம் பொருந்தவில்லை. வலியோடு நிற்கும் குதிரை எவ்வளவு சாதுவாக இருந்தாலும் ஒருநாள் உதறும். குளம்பைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும். ஈரச் சாணத்தில் நின்று நின்று குளம்பின் அடி அழுகினால் ஒரு நாற்றம் வரும், மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்கள் நிறைந்த பகுதி இது. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்கும். மணல் கொட்டி மேடாக்காத மைதானத்தில் அடைமழைக் காலத்தில் வகுப்பு நடத்தினால் குதிரையின் கால் வழுக்கும், பிள்ளையும் விழும். அந்த நாட்களில் “வராதீங்க” என்று முன்கூட்டியே தகவல் அனுப்பும் இடம் நல்ல இடம்.

வெயிலும் அப்படித்தான். ஒரு குதிரை நாளொன்றுக்கு 25 முதல் 40 லிட்டர் தண்ணீர் குடிக்கும், கோடையில் இன்னும் அதிகம். தொட்டி காய்ந்து கிடக்கும் லாயத்தைப் பார்த்தால் வேறு எதையும் விசாரிக்க வேண்டியதில்லை. கத்திரி வெயிலில் பகல் பதினொரு மணிக்கு வகுப்பு தருகிறோம் என்று சொன்னாலும் அப்படியே. வருகிறவர்கள் எல்லாம் பிஸ்கட்டும் வாழைப்பழமும் ஊட்ட அனுமதிக்கும் இடமும் எனக்குப் பிடிக்காது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் போனது ஒத்துக்கொள்ளாவிட்டால் வரும் வயிற்றுவலி குதிரையின் உயிரையே எடுத்துவிடும்.

எந்தக் குதிரை என்பது அடுத்தது. சென்னையில் பல பயிற்சிக் குதிரைகள் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் இனம். அவற்றில் பல இரண்டு வயதிலேயே பந்தயத்துக்கு இறக்கப்பட்டவை. பாய்ந்து ஓடுவதற்கென்றே பழக்கப்பட்ட அந்த உடம்புக்கு மெதுவாக நடக்கத் திரும்பக் கற்றுக்கொடுக்க மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். பொறுமையாக மறுபயிற்சி பெற்றவை அருமையான குதிரைகள் ஆகின்றன. ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு முதல் குதிரை வயது முதிர்ந்ததாக, பல குழந்தைகளைச் சுமந்து பழகியதாக, முடிந்தால் உயரம் குறைந்த மட்டக்குதிரையாக இருக்க வேண்டும். “இந்தக் குதிரைக்கு என்ன வயசு, ரேஸை விட்டு எப்ப வந்துச்சு, நேத்து எத்தனை வகுப்பு போச்சு, ராத்திரி கல்யாண ஊர்வலத்துக்குப் போகுதா?” என்று கேளுங்கள். குதிரையைப் பராமரிக்கும் சைஸிடமும் தனியாகக் கேளுங்கள். அங்கே இரவும் பகலும் குதிரையோடு இருப்பவர் அவர்தான்.

உடுப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. குதிரையேற்றத்துக்கென்றே தயாரித்த, தாடைப் பட்டை உள்ள தலைக்கவசம் வேண்டும். சைக்கிள் ஹெல்மெட் போதாது. ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மறுபடி போடக் கூடாது. காலணிக்குக் குதி இருக்க வேண்டும். தட்டையான ஷூ அங்கவடிக்குள் நழுவி மாட்டிக்கொண்டால், விழுந்த குழந்தையைக் குதிரை இழுத்துக்கொண்டு போகும். குழந்தைகளுக்கான அங்கவடி ஒன்று உண்டு. ஒரு பக்கம் இரும்புக்குப் பதில் ரப்பர் வளையம், விழுந்தால் கழன்று காலை விட்டுவிடும். அது இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். குதிரைச் சாணமும் லாயத்து மண்ணும் டெட்டனஸ் கிருமி தங்கும் இடம். ஐந்து, ஆறு வயதில் போடும் டிபிடி ஊக்கத் தவணை விட்டுப்போயிருந்தால் அதை முதலில் போடுங்கள்.

பயிற்சி எப்படிப் போக வேண்டும்? முதலில் நீண்ட கயிற்றில். நடுவில் பயிற்சியாளர் கயிற்றைப் பிடித்து நிற்க, குதிரை வட்டமாக நடக்கும். இதை லாஞ்ச் என்கிறார்கள். பிள்ளைக்குக் கடிவாளம் கூட வேண்டாம், உட்காரக் கற்றால் போதும். இடுப்பு குதிரையின் அசைவோடு சேர்ந்த பிறகு ட்ராட் என்ற சிறு ஓட்டம், அதன் பிறகு வெகு நாள் கழித்து அதைவிட வேகமான கேன்டர். “பக்கத்து வீட்டுப் பையன் ஒரு மாசத்துல ஓட்டுறானே” என்று பெற்றோரே அவசரப்படுத்துகிறார்கள். அந்த அவசரத்துக்கு இடம் கொடுக்காத பயிற்சியாளரைக் கொண்டாட வேண்டும்.

இது செலவு பிடிக்கும் கலை. எல்லா வீட்டுக்கும் எட்டாது என்பது எனக்கு வருத்தம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியை ஒட்டி என்சிசியின் குதிரைப் பிரிவு இயங்குகிறது. கல்லூரி வயதில் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள் குதிரை ஏற அது ஒரு வழி. சிறு குழந்தைகளுக்கு அப்படிப் பொதுவான வழி ஒன்றும் எனக்குத் தெரிந்து இல்லை. அவர்கள் தனியார் லாயத்தையே நம்ப வேண்டியிருக்கிறது.

அதனால் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும், நான் வேலை பார்த்த துறைக்கும் ஒரு வேண்டுகோள். குழந்தைகளுக்குக் கற்றுத்தரும் ஒவ்வொரு லாயத்தின் வாசலிலும் ஒரு பலகை வைக்கச் சொல்லுங்கள். சேர்க்கும் குறைந்தபட்ச வயது, ஒரு குதிரை ஒரு நாளில் சுமக்கும் வகுப்புகள், வகுப்பு நடக்காத நேரமும் நாட்களும், கடைசியாகக் கால்நடை மருத்துவர் வந்து பார்த்த தேதி, பயிற்சியாளரின் தகுதி ஆகிய ஐந்தும் தமிழில் எழுதியிருக்கட்டும். ஒரு தகரப் பலகையும் பெயின்டும் தவிர இதற்கு வேறு செலவில்லை. எந்த லாயக்காரரும் இதைச் சுமை என்று சொல்ல முடியாது.

அதுவரை பெற்றோரே கேட்க வேண்டும். இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பிள்ளையை ஏற்றாதீர்கள்.