நெஞ்செரிச்சலுக்கு அறுவை: முழுச் சுற்றா, முக்கால் சுற்றா?

பெங்களூர் அல்சூரில் எங்கள் நோயாளர் குழு கூடும் நாட்களில் யாராவது ஒருவர் கையில் ஃபைலோடு வந்துவிடுகிறார். பத்து வருஷப் புளித்த ஏப்பம், படுத்தால் தொண்டைவரை எதுக்களிப்பு, தலைக்கு மூன்று தலையணை, சட்டைப்பையில் அமிலம் குறைக்கும் பான்-40 (பாண்டோபிரசோல்) மாத்திரை அட்டை. கேள்வியும் ஒன்றுதான்: “ஆபரேஷன் பண்ணிக்கச் சொல்றாங்க, பண்ணிக்கலாமா?” நாங்கள் டாக்டர்கள் அல்ல. ஒருவரைப் பார்த்துப் பண்ணிக்கொள்ளுங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல மாட்டோம். ஆனால் எந்த அறுவை, எந்தச் சோதனைக்குப் பிறகு, நோயாளிக்கு என்னென்ன சொன்ன பிறகு என்பதில் எங்களுக்கு ஒரு முடிவு உண்டு.

அமிலம் மேலேறுவதை அளந்து உறுதிசெய்யாமல் இந்த அறுவையை யாருக்கும் செய்யக் கூடாது. செய்வதென்று ஆனால், இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி முழுதாகக் கட்டுவதைவிட முக்கால் சுற்றாகக் கட்டுவதை முதலில் பரிசீலிக்க வேண்டும். முழுச் சுற்றுதான் வேண்டும் என்றால், ஏன் என்று நோயாளிக்குச் சொல்ல வேண்டும்.

முழுச் சுற்று ருடால்ஃப் நிஸ்ஸன் கண்ட வழி. 1936இல் இஸ்தான்புல்லில் ஒரு நோயாளியின் உணவுக்குழாய் அடிப்பகுதியை வெட்டியெடுத்தவர், தையல் கசியாமலிருக்க இரைப்பையை அதன்மேல் சுற்றிவைத்தார். அந்த நோயாளிக்குப் பிறகு எதுக்களிப்பே இல்லை என்று தெரியவந்தது. 1955இல் எதுக்களிப்புக்கென்றே அதைச் செய்தார். (ஐன்ஸ்டைனின் வயிற்று ரத்தக்குழாய் வீக்கத்தை 1948இல் செலோஃபேன் தாளால் சுற்றியவரும் இவரே. சுற்றுவது அவருக்குக் கைவந்த கலை.) பின்பக்கமாக 270 பாகை மட்டும் சுற்றும் இன்றைய முறை, பிரான்சின் ஆந்த்ரே தூப்பே 1963இல் கண்ட பகுதிச் சுற்றிலிருந்து வந்தது. 1991க்குப் பிறகு இரண்டையும் லேப்ராஸ்கோப்பியில் செய்கிறார்கள்.

முழுச் சுற்று நன்றாகத் தடுக்கும். சில பேருக்கு ஏப்பத்தையும் சேர்த்தே தடுத்துவிடும். வயிறு மத்தளமாக உப்பும், வாந்தி வந்தாலும் வெளியே வராது, இட்லித் துண்டுகூட நெஞ்சுக்கு நடுவில் நின்றுவிடும். ஸ்டாக்ஹோமில் 456 பேரை இரண்டு முறைகளுக்கும் குலுக்கல் முறையில் பிரித்து அறுவை செய்து, 15 ஆண்டுக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். முடிவு 2022இல் வெளியானது. எதுக்களிப்பைத் தடுப்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். விழுங்குவதில் ஆரம்பத்தில் முழுச் சுற்றுக்கு இருந்த கூடுதல் சிரமமும் வருஷங்கள் போகப் போக மங்கிவிட்டது. அப்படியானால் எதுவானால் என்ன என்று கேட்கலாம். பலன் சமம் என்றால் முதல் மாதங்களில் தொண்டையைக் குறைவாகப் படுத்துவதைத் தேர்ந்தெடுப்பதே நியாயம் என்கிறோம் நாங்கள். அந்த மாதங்களில் வேலைக்குப் போக வேண்டியவர் நோயாளிதான்.

சுற்றுக்குப் பதிலாக உணவுக்குழாயின் அடியில் மாட்டும், காந்த மணிகள் கோத்த வளையத்துக்கு அமெரிக்கா 2012இல் அனுமதி தந்தது. ஏப்பம் விடுவது இதில் எளிது. ஆனால் எம்ஆர்ஐ எடுப்பதற்கு வரம்பு உண்டு, சிலருக்குக் கழற்றவும் நேர்கிறது. எங்கள் குழுவில் அதைப் போட்டுக்கொண்டவர் யாரும் இல்லை. அதைப் பற்றி இப்போதைக்கு எங்களிடம் நிலைப்பாடு இல்லை. உடல் பருமன் உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: எடை குறைக்க இரைப்பையைக் குழாய்போல் வெட்டும் ஸ்லீவ் அறுவை எதுக்களிப்பைக் கூட்டலாம். நெஞ்செரிச்சல் இருக்கிறது என்பதை அந்த டாக்டரிடம் மறைக்காதீர்கள். அதற்குப் பதிலாக இரைப்பை பைபாஸ் பற்றிக் கேளுங்கள்.

சோதனைக்கு வருவோம். மாத்திரைக்கு அடங்காத நெஞ்செரிச்சல் என்று அனுப்பப்பட்ட 366 பேரை அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் ஆராய்ந்தார்கள். 2019இல் வெளியான ஆய்வு. 42 பேருக்கு மாத்திரையை ஒழுங்காகப் போட்டதிலேயே சரியாகிவிட்டது. 99 பேருக்கு எரிச்சல் இருந்தது, ஆனால் காரணம் அமிலம் இல்லை. கடைசியில் ஆய்வுக்குத் தேறியவர்கள் 78 பேர். அவர்களில் அறுவைக்குப் போனவர்களில் 67 விழுக்காட்டினருக்குப் பலன் கிடைத்தது. மற்ற மருந்துகளைக் கூட்டிக் கொடுக்கப்பட்டவர்களில் 28 விழுக்காட்டினருக்குத்தான். உரியவருக்குச் செய்தால் அறுவை நல்ல அறுவை. உரியவர் யார் என்று கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதற்கு எண்டோஸ்கோப்பி மட்டும் போதாது. 24 மணிநேர பிஹெச் சோதனையும், உணவுக்குழாயின் தசை அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரியும் வேண்டும். பிஹெச் சோதனைக்குப் போய்வந்த எங்கள் உறுப்பினர் ஒருவர் மூக்கு வழியே இறங்கிய மெல்லிய குழாயைக் கன்னத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டு, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியோடு அல்சூர் பஜார் தெருவில் நடந்தார். சாப்பிட்டால் ஒரு பட்டன், படுத்தால் ஒரு பட்டன், எரிந்தால் ஒரு பட்டன். ஒரு நாள் முழுக்க அவர் எரிச்சல் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தார். அமிலமோ ஏறவே இல்லை. அவருக்கு ஆபரேஷன் தேதி ஏற்கெனவே குறிக்கப்பட்டிருந்தது.

மாத்திரைக்குப் பயந்து கத்திக்குப் போகிறவர்களும் உண்டு. கிட்னி போகும், எலும்பு தேயும் என்று வாட்ஸ்அப்பில் வருவது அவர்களைப் படுத்துகிறது. 17,598 பேருக்கு மூன்றாண்டு பாண்டோபிரசோலோ வெற்று மாத்திரையோ கொடுத்து ஒப்பிட்ட ஆய்வில், குடல் தொற்று கொஞ்சம் கூடியதைத் தவிர வேறு கேடு தெரியவில்லை. மாத்திரை கேட்கிற உடம்பென்றால் பயம் மட்டும் அறுவைக்குக் காரணமாகாது. அதைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போடுங்கள். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் சாப்பிட்டு முடித்துத்தான் போடுகிறார்கள்.

மருத்துவமனைகளிடம் நாங்கள் கேட்பது இரண்டு. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குமுன், ஏப்பம் வராமல் போகலாம், சில வருஷத்தில் மறுபடி மாத்திரைக்குத் திரும்ப நேரலாம் என்பதை நோயாளியின் மொழியில், அது தமிழோ கன்னடமோ உருதுவோ, வாய்விட்டுச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் இந்தச் சுற்று அறுவையின் பெயரான “ஃபண்டோப்ளிகேஷன்” என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் எத்தனை பாகைச் சுற்று என்று எழுதுங்கள். நாளைக்கு விழுங்க முடியாமல் வேறு ஊரில் வேறு டாக்டர் முன்னால் போய் உட்காருகிறவரிடம் அந்தச் சீட்டு மட்டும்தான் இருக்கும்.