பழங்கடையை இடிப்பதா, புதுக்குவதா?

செய்யூர்க் கடைவீதியில் என் தாய்மாமனுக்குரிய பழங்கடை ஒன்று உளது. செங்கல்லும் சுண்ணமுங் கொண்டு எழுப்பிய தடித்த சுவர், பனங்கைகளைப் பரப்பி, அவற்றின்மேற் சிறு செங்கற்களை நெருங்க நிறுத்திச் சாந்திட்டு முடித்த தளம், முகப்பிலே திண்ணை, எண்ணிட்ட பலகைகளை ஒவ்வொன்றாய்ப் பொருத்தி மூடுங் கதவு. இதனை இடித்து மூன்றடுக்குக் கட்டடம் எழுப்புதல் வேண்டுமென்று அவர் கருதுகின்றார். யான் தடுத்துரைத்தபோது, "தம்பி, கட்டடத்தை நான் காக்கிறேன், என்னைக் காப்பவர் யார்?" என்று வினவினார். அவ்வினாவிற்கு விடை கூறாது பழமையின் பெருமையை மட்டும் பேசுவது முறையன்று.

நம் கடற்கரையில் வாணிகத்தின் சின்னங்கள் பல உள. கடப்பாக்கத்தருகே ஆலம்பரைக் கோட்டை துறைமுகமும் நாணயச்சாலையும் உடையதாய் விளங்கி, 1760ஆம் ஆண்டில் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டது. சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் கோட்டை உளது. 1878இல் பக்கிங்காம் என்னும் பெயர் பெற்ற கால்வாய் வழியே உப்பும் விறகும் படகேறிச் சென்னை சென்றன. கோட்டையோ எனின், இடிந்த நிலையிலேயே காக்கத்தக்கது. காண்பார் வந்து கண்டு செல்வர். கடை அத்தகையதன்று. அதனிடத்து நாடோறும் விற்பனை நிகழ்தல் வேண்டும். இன்றேல் அது பிணமே.

ஆகவே, மாமனாரொடு யான் வழக்காடுவது வரவு செலவு பற்றியே. அவர் காட்டும் குறைகள் இரண்டு: சுவரின் அடிப்பகுதி உவர்த்துப் பொரிந்து உதிர்கின்றது, மழைக்காலத்தில் தளம் ஒழுகுகின்றது. இவை கட்டடத்தின் முதுமையால் வந்தன என்பது அவர் எண்ணம். யான் நோக்கியவளவில், இவற்றுட் பெரும்பகுதி முன்னர்ச் செய்த பழுதுபார்ப்பினால் வந்ததாகும். சில ஆண்டுகளுக்கு முன் கொத்தனார் ஒருவர் சுவரின் அடியில் மூன்றடி உயரத்திற்குச் சிமெண்டு பூசினார். சுண்ணச்சுவர் தரையினின்று ஈரத்தை உறிஞ்சுவது. உறிஞ்சிய ஈரம் பூச்சின் வழியே ஆவியாய் வெளியேறுதல் வேண்டும். சிமெண்டு அவ்வழியை அடைத்துவிட்டது. அடைபட்ட ஈரம் மேலேறி, சிமெண்டு முடியும் இடத்திற் புறப்பட்டு, தன்னொடு கொணர்ந்த உப்பை அங்கே விட்டுச் செல்கின்றது. உப்பு படிகமாய்ப் பருக்குந்தோறும் செங்கல் பொடியாகின்றது. உப்பளங்களும் கடற்காற்றும் சூழ்ந்த நம்மூரில் இவ்வினை விரைந்து நடத்தல் வியப்பன்று. சிமெண்டைக் கொத்தியெடுத்துச் சுண்ணம் பூசினால் சுவர் மீண்டும் மூச்சுவிடும். கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, மணலொடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டுப் பயன்படுத்துதல் நம் முன்னோர் கண்ட முறை. அது கரியமிலவாயுவை மெல்ல உட்கொண்டு இறுகுவதாகலின், பொறுமை வேண்டும். அவசரக்காரர்க்கு ஏற்றதன்று என்பதை ஒப்புக்கொள்ளுகின்றேன்.

புதுக் கட்டடத்திற்கும் உப்பு பகையே. காரையினுள் உப்பு புகுமாயின் இரும்புக்கம்பி துருவேறும். துரு இரும்பினும் மிகுதியான இடம் கொள்வதாகலின் காரை பிளவுபடும். கம்பியை மூடுங் காரை போதிய கனமுடையதாயின் நெடுங்காலம் நிற்கும். ஆயின் சிற்றூர்களில் அக்கனத்தை அளந்து பார்ப்பார் அரியர்.

சுண்ணவேலை அறிந்த கொத்தர் இலர் என்பாரும் உளர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் தரங்கம்பாடியில் பழைய மனைகள் பல சுண்ணத்தாலேயே சீர்செய்யப்பட்டன. கைத்தொழில் அழிந்திலது, அழைப்பார்தாம் குறைவு.

பழங்கட்டடங்கள் சிதைவதற்கு உடையவர் மனம் மட்டும் காரணமன்று. நகரங்களில் 1960ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தின்கீழ் வாடகை உயராது நிற்க, பழுதுபார்ப்பார் இலராயினர். 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019இல் நடைமுறைக்கு வந்து அதனை மாற்றிற்று. நீதிமன்றந்தானும் ஓரளவே உதவும். சென்னை மவுண்டு ரோட்டில் 1897இல் மருந்து வணிகர் ஸ்மித்தின் பொருட்டு எழுந்து, பிற்காலத்தில் பாரத் இன்சூரன்சு கட்டடம் என்று பெயர் பெற்ற மாளிகையை 2006இல் இடிக்கத் தொடங்கினர். 2010இல் உயர்நீதிமன்றம் அதனைத் தடுத்தது. தடுத்தபின்னும் அது பல்லாண்டு பூட்டியே கிடந்தது. இடியாமற் செய்வது வேறு, வாழச்செய்வது வேறு.

எனவே, மாமனாரிடம் யான் கேட்டது இதுவே: முகப்பை மறைக்கும் விளம்பரத் தட்டியை அகற்றுக, உளுத்த பனங்கைகளை மட்டும் மாற்றுக, தளத்து நீர்வழிகளைத் தூர்வாருக, பின்கட்டில் வெற்றிடம் இருத்தலின், கூடுதல் அறைகள் வேண்டின் அங்கே எழுப்புக. முன்கடையை இரண்டாகப் பிரித்து வாடகைக்கு விடின் வருவது எவ்வளவு, மூன்றடுக்கின் கடனுக்குக் கட்டும் வட்டி எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதியும் காட்டினேன். அவர் தாளை நெடுநேரம் நோக்கி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஐப்பசி மழைக்குமுன் தளத்தையும் சுவரடியையும் சீர்செய்து பார்ப்பதென்றும், தை பிறந்தபின் முடிவு கூறுவதென்றும் சொல்லியிருக்கின்றார். சென்ற வாரம் சிமெண்டைக் கொத்தியெடுக்க ஆள் வந்தாயிற்று.