குமாரமங்கலத்தாரும் நெய்வேலிக் கரியும்

முறைமன்றத்தில் நேற்று ஒருவனுக்காக வழக்காடிய வழக்குரைஞர், இன்று அதே வழக்கில் எதிரிக்காக எழுந்து நின்றால் அவரை என்ன சொல்வோம்? தொழில் அறம் துறந்தவர் என்போம். அரசியலில் ஒருவர் அதையே செய்தாலோ, முற்போக்காளர் என்று பெயர் சூட்டி மாலையிடுகின்றோம். மோகன் குமாரமங்கலம் என்னும் மாபெரும் வழக்குரைஞரின் வாழ்வை இந்தக் கண்கொண்டுதான் பார்த்தல் வேண்டும்.

அவர் 1916இல் இலண்டனில் பிறந்தவர். திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்துப் பெருநிலக்கிழார் சுப்பராயனின் மகன். ஈட்டனிலும் கேம்பிரிட்சிலும் பயின்று, வழக்குரைஞராகவும் பொதுவுடைமையராகவும் திரும்பினார். வெள்ளையராட்சியில் சிறை புகுந்தார். பெருஞ்செல்வத்தில் பிறந்தவர் உழைப்பாளர் பக்கம் நின்றதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

தந்தையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1938இல் சென்னை மாகாணப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய இராசகோபாலாச்சாரியார் அமைச்சரவையில் கல்வித்துறையும் சட்டத்துறையும் யார் கையில் இருந்தன? வழக்குரைஞராயிருந்து அமைச்சரான இதே சுப்பராயன் கையில்! ஆனால், 1955இல் கேர் தலைமையில் அமைந்த ஆட்சிமொழி ஆணையத்தில் உறுப்பினராக இருந்தபோது, பெரும்பான்மையோர் கருத்துக்கு உடன்படாமல் மறுப்புரை எழுதிய இருவருள் ஒருவரும் அவரே. மற்றவர் வங்க மொழியறிஞர் சுனிதிகுமார் சட்டர்சி. அமைச்சராக இருந்து செய்த பிழையை, அமைச்சர் பொறுப்பில் இல்லாதபோது உணர்ந்தார் போலும். மகன் வாழ்விலோ இந்த வரிசை தலைகீழாயிற்று.

1965ஆம் ஆண்டை எவர் மறப்பார்? சனவரி 27 அன்று சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவன் இராசேந்திரன் காவலரின் துமுக்கிக் குண்டுக்கு இரையானான். நெய்வேலிச் சுரங்கத்துக்கும் அந்தக் குருதி சிந்திய மண்ணுக்கும் இடையே எத்துணைத் தொலைவு? ஒரே தென்னார்க்காடு மாவட்டம்தானே! அதே ஆண்டில்தான் மோகன் குமாரமங்கலம் இந்தியாவின் மொழிச் சிக்கல் பற்றி ஒரு நூல் எழுதினார். ஆட்சியும் கல்வியும் மக்கள் மொழியில் நடைபெறாவிடின் குடியாட்சி என்பது வெறுஞ்சொல் என்பதே அந்நூலின் உள்ளீடு. ஆனால் அதை அவர் ஆங்கிலத்தில்தான் எழுதினார் என்பதை இங்கே இடைச்செருகலாகக் குறித்து வைப்போம்.

அடுத்த ஆண்டே, 1966இல், அவர் சென்னை அரசின் தலைமை வழக்குரைஞர் ஆனார். எந்த அரசு? மாணவர்மேல் குண்டு பாய்ச்சிய அதே பக்தவத்சலத்தின் அரசு! மக்கள் மொழிக்காக நூல் எழுதிய கை, அம்மொழிக்காகக் கிளர்ந்த மக்களை ஒடுக்கிய ஆட்சிக்கு வழக்காடக் கிளம்பியது. பின்னர்ப் பொதுவுடைமைக் கட்சியை விட்டுப் பேராயக் கட்சி புகுந்தார். 1971இல் புதுச்சேரித் தொகுதியில் வென்று, இந்திரா காந்தியின் அமைச்சரவையில் எஃகு, சுரங்கத்துறைகளுக்கு அமைச்சரானார்.

அமைச்சராக அவர் செய்தது பெரும்பணியே. 1972 மே முதல் நாளில் எஃகாலைக்கு வேண்டிய கற்கரி நிலக்கரிச் சுரங்கங்களும், 1973 மே முதல் நாளில் ஏனைய நிலக்கரிச் சுரங்கங்களும் நாட்டுடைமையாயின. கரியை அரைகுறையாகச் சுரண்டிவிட்டுச் சுரங்கத்தைப் பாழாக்கியும், தொழிலாளியின் உயிரைத் துரும்பாக எண்ணியும் வந்த தனியார் முதலாளிகளிடமிருந்து அவற்றைப் பறித்தது பாராட்டத்தக்கதே. நாம் கேட்பது வேறொன்று. நாட்டுடைமை என்றீர்களே, எந்த நாட்டின் உடைமை? எந்த மக்களின் உடைமை?

நெய்வேலியைப் பாருங்கள். சம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டக் கருமண் வெளிப்பட்டது 1930களில். 1956 நவம்பர் 14இல் நிறுவனம் பதிவாயிற்று; 1957 மே 20இல் நேரு சுரங்கப்பணியைத் தொடங்கி வைத்தார்; 1961இல் கரி வெளிவந்தது. கரிப்படிவத்தின் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கம் மூழ்காதிருக்கும். அந்த நீர் நம் உழவனின் நீர்; அந்த நிலம் நம் ஊர்களின் நிலம். வடக்கே முதலாளியிடமிருந்து பறிக்க ஒரு சட்டம் வேண்டியிருந்தது. நெய்வேலியில் அதுவும் வேண்டியதில்லை. பிறப்பிலேயே அது தில்லியின் உடைமை.

மக்கள் மொழியே ஆட்சிமொழியாதல் வேண்டும் என்று எழுதியவர், தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் உழைக்கும் நெய்வேலியில் அதைச் செய்து காட்டியிருக்கலாமே! அவ்வாறான ஆணை எதுவும் பிறக்கவில்லை. இரண்டே ஆண்டுகள்தாமே அமைச்சராயிருந்தார், 1973 மே 31இல் தில்லி வானூர்தி நேர்ச்சியில் 56 அகவையில் மாண்டாரே என்று சிலர் பரிந்துரைப்பர். அந்தச் சாவு வருந்தத்தக்கதே. ஆனால் அதே ஈராண்டில் நிலக்கரியை நாட்டுடைமையாக்க நேரம் இருந்தது. அரசமைப்புத் திருத்தங்களுக்கு விளக்கநூல் எழுத நேரம் இருந்தது. 1973 ஏப்பிரலில் மூத்த நடுவர் மூவரைத் தாண்டி ஏ. என். இரேயை உச்சமுறைமன்றத் தலைமை நடுவராக்கியதை நாடாளுமன்றத்தில் முழங்கி ஞாயப்படுத்த நேரம் இருந்தது. தமிழுக்குத்தான் நேரம் இல்லை!

1976இல் வந்த ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தா என்று அவ்விதிகளிலேயே எழுதப்பட்டுள்ளது. இவ்விலக்கு எந்த அமைச்சரும் இரங்கி ஈந்ததன்று; 1965இல் தெருவில் விழுந்தவர்கள் ஈட்டித் தந்தது. அவருடைய மகன் அரங்கராசனும் வழக்குரைஞரே. 1998 முதல் 2000 வரை வாசுபாயி ஆட்சியில் மின்துறை அமைச்சர். மூன்று தலைமுறையும் தில்லியில் அமைச்சர்கள். மூன்று தலைமுறைக்கும் மூன்று கட்சிகள் என்றுகூடச் சொல்வதற்கில்லை, கட்சிக் கணக்கு அவ்வளவு சிக்கலானது!

அந்தக் கணக்கின் விளைவை நெய்வேலி இன்றும் சுமக்கின்றது. 2022இல் 299 பட்டதாரிப் பயிற்சியாளர்க்கான பட்டியலில் தமிழர் எவரும் இல்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2023 சூலையில் வளையமாதேவியில், கதிர்விடும் நெற்பயிர்மீது மண்வாரிப் பொறிகள் இறங்கின. முன்பே கையகப்படுத்திய நிலம் என்றது நிறுவனம். இன்னும் சில கிழமை பொறுத்தால் அறுவடையாகும் நெல் என்றான் உழவன். அதே ஆண்டுத் தொடக்கத்தில் சேத்தியாத்தோப்புக் கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி ஆகிய பகுதிகள் தில்லியின் நிலக்கரி ஏலப் பட்டியலில் இடம்பெற்றன. தமிழ்நாடே கொதித்தெழுந்த பின்னரே, ஏப்பிரலில் அவை நீக்கப்பட்டன. காவிரிப் படுகையின் வயலை ஏலம்விடும் முன்னர் அவ்வயலுக்குரியவனைக் கேட்க வேண்டும் என்னும் எண்ணமே தில்லிக்குத் தோன்றவில்லை.

ஆகவே நாம் கேட்கின்றோம்: நிலம் தந்த ஊர்களின் பிள்ளைகளுக்கு நெய்வேலியில் முதலுரிமை எங்கே? நிலம் எடுப்பு அறிவிக்கை முதல் சுரங்கக் காப்பு விதி வரை அனைத்தும் தமிழில் நடைபெறுவது என்று? 1965இல் ஆங்கிலத்தில் எழுதிய அந்த நூலின் கோரிக்கையைத்தான் நெய்வேலியின் வாயிலில் நின்று தமிழில் கேட்கின்றோம்.