ஏட்டறிவும் தொழிற்பயிற்சியும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர் எம் முன்னோர். பட்டம் பெற்ற அளவில் ஒருவர் தொழிலுக்குத் தகுதியுடையவர் ஆகிவிடார். கற்கும் காலத்திலேயே சில திங்கள் தொழில் நிகழும் இடத்திற் பழகுதல் வேண்டும்.

இவ்வுண்மையைத் தோட்டத் துரைமார் அன்றே அறிந்திருந்தனர். ஆங்கிலேயர் ஆட்சியில் இங்கு வந்த வெள்ளை இளைஞர், பெரியதுரை ஒருவரின் கீழ்ப் பயின்ற பின்னரே சின்னத்துரை ஆயினர். அதே தோட்டத்தில் உழைத்த எம்மவரின் பிள்ளைகளுக்கோ அவ்வாயில் அடைபட்டே கிடந்தது.

2005ஆம் ஆண்டில் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தோன்றியது. தேயிலைத் தொழில்நுட்பம் அங்கு ஒரு பட்டப்படிப்பாகும். கொழுந்தை வாட்டும் முறையும் நொதித்தலின் இயல்பும் நூலில் உள்ளன. ஆயினும், ஆடி ஆவணியில் வீசும் வறண்ட கச்சான் காற்றால் ஊவாத் தேயிலைக்கு வாய்க்கும் தனி மணத்தை அறியத் தொழிற்சாலைக்கே செல்லல் வேண்டும். அங்குக் கைப்பழக்கத்தாற் பதம் அறிந்த தொழிலாளரே ஆசான் ஆவர்.

பயிற்சிக்கு வந்தவரைக் கோப்புச் சுமக்கவும் தேநீர் கொணரவும் ஏவுதல் பயிற்சியாகாது. ஊதியமில்லாப் பயிற்சியோ, பஸ் கட்டணத்துக்கே அல்லலுறும் லயத்துப் பிள்ளைக்கு எட்டாக்கனி.

ஆதலால், தோட்டங்களிலும் வங்கிகளிலும் அலுவலகங்களிலும் பொறுப்பு வகிக்கும் பழைய மாணவர்களை வேண்டுகின்றோம். ஆண்டுதோறும் ஒரு மாணவரையேனும் ஏற்று, மெய்யான வேலையைக் கொடுத்து, பிழை திருத்தி, சிறு உதவித்தொகையும் அளிப்பீர்களாக. இந்த யூபிலி ஆண்டில் கல்லூரி அன்னைக்கு இதனினும் சிறந்த கைம்மாறு உண்டோ?