வரி போட்டால் மட்டும் போதுமா?

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீதம் வரை வரி போட்டதும் நம் ஹாஸ்டலில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. "நாமும் போடணும்டா, அப்பத்தான் நம்ம கம்பெனி பிழைக்கும்" என்றான் ஒருவன். கைதட்டலும் விழுந்தது. மாணவத் தோழர்களே! இதைப் பற்றிப் பேச டெல்லி வரை போக வேண்டாம். ஊட்டியிலிருந்து கூடலூர் ரோட்டில் இந்து நகர் வரை போனால் போதும்.

இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-ல் தொடங்கி 1967-ல் உற்பத்திக்கு வந்தது. பிலிம் செய்யத் தூசியில்லாத காற்றும் குளிரும் நல்ல தண்ணீரும் வேண்டும்; அதனால்தான் நம்ம மலை. வெள்ளி உப்பை ஜெலட்டினில் கலந்து, இருட்டறையில் பிலிம் மேல் பூசுகிற வேலை. உலகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய நாடுகளே செய்த காரியம் அது. 'இந்து' என்ற பெயரில் எக்ஸ்ரே பிலிமும் கறுப்பு வெள்ளை சினிமா பிலிமும் இங்கிருந்து நாடு முழுக்கப் போயின. சும்மா சொல்லக் கூடாது, பெரிய சாதனைதான்.

வெளிநாட்டு பிலிம் சுலபமாக உள்ளே வராதபடி அரசு காத்தது. அந்தப் பாதுகாப்பில் கிடைத்த வருஷங்களில் நடந்தது என்ன? கலர் பிலிமை நாம் சொந்தமாகச் செய்யவில்லை. பெரிய உருளையாக இறக்குமதி செய்து, வெட்டி, டப்பாவில் அடைத்து விற்றோம். கடன் வாங்கிப் பாலியஸ்டர் எக்ஸ்ரே பிலிம் பிளான்ட் போட்டபோது காலம் கடந்துவிட்டது. 1991-க்குப் பிறகு இறக்குமதி வரி இறங்கியது, வட்டியோ ஏறியது. 2003-ல் ஆலையை மூடலாம் என்று பி.ஐ.எஃப்.ஆர். சொல்லிவிட்டது. 2014-ல் மிச்சமிருந்த தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு.

டிஜிட்டல் வந்ததால்தானே என்பீர்கள். கோடக்கே 2012-ல் திவால் மனு கொடுத்தது, உண்மை. ஆனால் ஃபியூஜி அதே பூச்சு வித்தையை வைத்து எல்.சி.டி. திரைக்குப் பிலிம் செய்து பிழைத்துக்கொண்டதே!

வரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரி இல்லாமல் இந்து நகரில் அந்த ஆலை ஒரு நாள்கூட நின்றிருக்காது. ஆனால் எல்லாவற்றுக்கும் அது மருந்தாகாது. தேயிலைக்கு 100 சதவீத இறக்குமதி வரி இருந்தும், 2023-ல் கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். நம்ம டீயை அள்ளிக்கொண்டு போன சோவியத் யூனியன் 1991-ல் கலைந்துபோனதை எந்த வரியும் சரிக்கட்டாது.

இப்போது செல்போனுக்கு வருவோம். 2018-ல் இறக்குமதி வரி 20 சதவீதம் ஆனது. 2020-ல் உற்பத்திக்கேற்ற ஊக்கத்தொகையும் சேர்ந்தது. ஸ்ரீபெரும்புதூர் லைன்களில் நம் சீனியர்கள் நிற்பது இதனால்தான்; நாளைக்கு நாமும் நிற்கலாம். 2024-ல் அந்த வரி 15 சதவீதமாக இறங்கியது, இன்னும் இறங்கலாம். ஆகவே பொங்கலுக்கு ஊருக்கு வரும் சீனியர்களிடம் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். போனுக்குள் இருக்கும் எந்தெந்தப் பாகம் இங்கேயே உருவாகிறது, எது பெட்டியில் வந்து இறங்குகிறது என்றும் கேளுங்கள்.